திகன வீதியில் செய்மதி வானொலி

கண்டியிலிருந்து திகனவுக்குப் புறப்படும்போது, சென்னையிலிருந்து கொண்டுவந்த வேர்ல்ட்ஸ்பேஸ் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் கட்டிக்கொள்வேன். 2000 மார்ச்சில் ஏவப்பட்ட ஆசியாஸ்டார் செய்மதி 105 பாகை கிழக்கில் நின்றது. ஏரியல் அத்திசையையே நோக்கவேண்டும். வளைவில் வண்டி திரும்பினால் 'ஸ்ருதி' அலைவரிசையின் கீர்த்தனை பாதியில் அறுந்துவிடும். வீதியோர மரங்களும் அலையை மறைத்தன. அமெரிக்காவில் எக்ஸ்எம் நிறுவனம் நகரங்களில் தரைக்கோபுரங்கள் நிறுவி இக்குறையைச் சமாளித்தது. நமக்கேது கோபுரம்? குண்டசாலை தாண்டி வெட்டவெளியில் நிறுத்தி, பாட்டு முடிந்த பின்பே புறப்படுவேன். (போன வேலை பிந்தியதென வீட்டில் ஏச்சு வேறு.) 2008 அக்டோபரில் தாய்நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது, 2009 டிசம்பர் 31உடன் இந்தியச் சேவை நின்றது. பெட்டி இன்னும் என்னிடம் உண்டு. பண்பலை மட்டும் பாடுகிறது.