திரையின் அகலமும் பாவின் அடியும்: இணையப்பக்க வடிவமைப்பு வரலாற்றில் ஒரு நோக்கு

படிப்போரின் திரைக்கேற்ப வரிகள் மடங்கி அமைவது அண்மைக்காலப் புதுமை என்றே பலரும் கருதுகின்றனர். வரலாறு வேறுவிதமாக உள்ளது. செர்ன் ஆய்வகத்தில் 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்த வையவிரிவு வலையில், தலைப்பு எது, பத்தி எது என்பதை மட்டுமே ஆவணம் சுட்டியது. வரியின் நீளத்தைப் படிப்போரின் சாளரமே முடிவு செய்தது. 1994 அக்டோபரில் ஹோகுன் வியூம் லீ முன்வைத்த நடைதாள் முறையும் ஆசிரியர் விருப்பத்தோடு படிப்போர் விருப்பத்துக்கும் இடமளித்தது. அச்சுப்பக்கப் பழக்கத்தில் ஊறிய வடிவமைப்பாளர்களே மாறா அகலத்தை வலைக்குக் கொண்டுவந்தனர். 2007இல் ஐபோன் வந்தபின் அப்பழக்கம் இடர்ப்பட்டது. நெகிழும் கட்டம், நெகிழும் படம், ஊடக வினவல் ஆகிய மூன்றையும் இணைத்து ஈத்தன் மார்கோட் 2010இல் விளக்கிய முறை, வலையின் இயல்புக்குத் திரும்பியதே ஆகும்.

தமிழுக்கு இத்திருப்பம் ஒரு வினாவை எழுப்புகிறது. ஓலைச்சுவடியில் செய்யுள் அடிபிரியாது தொடர்ந்து எழுதப்பட்டது; ஓலை முடியுமிடத்தில் சொல்லும் முறிந்தது. யாப்பறிந்தோர் செவியால் அடியெல்லையை உணர்ந்தனர். அச்சுப்பதிப்புகள் அடியை வரியாக்கியபின், அதனைக் கண்ணால் அறியும் பழக்கம் நிலைபெற்றது.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் இலக்கியங்களை எச்.டி.எம்.எல்., பி.டி.எஃப். வடிவங்களில் உலகெங்கும் வழங்கியது. பி.டி.எஃப். அடியைக் காக்கிறது, ஆயினும் கைபேசியில் பக்கத்தை இடவலமாக இழுத்துப் படிக்க நேர்கிறது. எச்.டி.எம்.எல். திரைக்கு இசைகிறது, ஆயினும் நாற்சீரடி மூன்று சீரோடு மடங்கினால் சிந்தடியாகத் தோன்றுகிறது. அயல்நாட்டில் ஆசிரியர் துணையின்றி வெண்பா பயிலும் மாணவர், அதனை ஈற்றடியென மயங்கக்கூடும். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் என் போன்ற முதியோருக்கு அகன்ற திரையும் குறுகிவிடுகிறது. மயக்கம் அங்கும் தொடர்கிறது.

தீர்வு அரிதன்று. ஒவ்வோர் அடியையும் தனி அலகாகக் குறியிட்டு, மடங்கிய பகுதியைச் சற்று உள்தள்ளிக் காட்டினால் போதும். உரைநடை தடையின்றி நெகிழலாம். எழுத்தின் அளவும் வரியின் நீளமும் படிப்போர்க்கு உரியவை. அடியின் எல்லையோ புலவனுக்கு உரியது. இவ்வேறுபாட்டை மின்பதிப்பாசிரியர் இன்றே குறியீட்டில் பதியாவிடின், அச்சுப்பதிப்பாளர் அரிதின் முயன்று பிரித்துத் தந்த அடிகள் திரையில் மீண்டும் கலந்துவிடும். அவற்றைச் செவியால் பிரித்தறியும் பயிற்சி நம் பேரப்பிள்ளைகளிடம் இருக்குமெனக் கொள்வதற்கில்லை.