வலப்பனை மலைகளில் இரண்டு உத்தியோகங்கள்

1904ஆம் ஆண்டின் இறுதியில், நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரையில் இரண்டரை அடி அகலமுள்ள சிறிய ரயில்பாதையை இலங்கை அரசாங்கம் நீட்டி முடித்தபோது, இன்று வலப்பனைப் பிரதேசத்துக்குள் அடங்கும் மலைத்தோட்டங்களின் வாயிலில் அரசாங்கமும் கம்பெனியும் அருகருகே வந்து நின்றன. ரயில் அரசாங்கத்தின் உடைமை. அதில் ஏற்றப்பட்ட தேயிலைப் பெட்டிகள் கம்பெனிகளின் உடைமை. நிலைய அதிபருக்கு மாதச் சம்பளமும் முதுமையில் பென்ஷனும் உண்டு. பெட்டிகளைச் சுமந்து வந்தவருக்கோ செக்ரோல் என்னும் பெயர்ப் பதிவேட்டில் ஒரு பெயரும், லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில் ஒரு காம்பிராவும் உண்டு. இவ்விரு ஜீவனங்களுக்கும் நடுவிலிருந்த தூரத்தை அந்தப் பாதையோரத்தில் வளர்ந்த சந்ததிகள் மறக்கவில்லை. தொழில்நுட்பப் பட்டம் பெற்ற இன்றைய இளைஞர் அரச உத்தியோகமா, தனியார் உத்தியோகமா என்று யோசிக்கும்போது அந்தப் பழைய ஞாபகமே முந்திக்கொண்டு பேசுகிறது என்பது என் அபிப்பிராயம்.

தொழில்நுட்பம் இம்மலைகளுக்குப் புதியதன்று. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டதற்குப் பின்னர், 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தொழிக்க, மலைக்கு மலை தேயிலைத் தொழிற்சாலைகள் எழும்பின. தோட்டத்தார் இன்றும் ‘ஸ்டோர்’ என்றே வழங்கும் அக்கட்டடத்துக்குள் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் செய்துவந்த வேலையைக் கிட்ட நின்று பார்த்தவர்கள், அதனை வெறும் மேற்பார்வை என்று சொல்லத் துணியமாட்டார்கள். மாலையில் மேல்மாடிக்கு ஏற்றிய கொழுந்து, இரவெல்லாம் காற்றில் வாடி, ஈரத்தில் ஒரு பங்கை இழக்க வேண்டும். மழை நாளில் அதற்குச் சூடான காற்றைச் செலுத்த வேண்டும். விடியுமுன் ஒரு பிடி இலையை உள்ளங்கையில் இறுக்கி, விட்டபின் அது எவ்வாறு விரிகிறது என்று பார்த்தே ரோலரில் போடலாமா கூடாதா என்று தீர்மானிக்க வேண்டும். அரைத்த இலை புளித்துச் செம்பு நிறம் கொள்ளும் அந்த இரண்டொரு மணி நேரத்தில், நிமிஷக் கணக்கில் பிசகினாலும் அன்றைய தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் விலை போகாது. நாலரைக் கிலோவுக்குக் குறையாத பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை பெறும் இவ்வித்தையில் இரசாயனமும் இயந்திரமும் அனுபவமும் ஒன்றுசேர்ந்து நின்றன. ஆயினும், டீமேக்கர், கிளாக்கர் முதலான உத்தியோகங்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவருக்கும் மலையாளிகளுக்கும் சிங்களவருக்குமே கிடைத்தன. கொழுந்து பறித்த தாயின் மகன் அந்த ஸ்டோருக்குள் நுழைந்தால், அநேகமாகச் சாக்குத் தூக்குவதற்கே நுழைந்தான்.

இராகலை ரயில்பாதை 1948இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் நிறைவேறிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இம்மலைகளை வெட்டித் திருத்திய இந்திய வம்சாவளி ஜனங்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பிரஜையல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கிய 1956இன் சட்டமோ, பிரஜாவுரிமை பெற்ற சிலருக்கும் அவ்வழியை இன்னும் இடுக்கமாக்கிற்று. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் அவர்களில் 9,75,000 பேரின் கதியைப் பங்குபோட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவர்களாகக் கணக்கெழுதி, எஞ்சியோரைப் பின்னொரு நாளுக்கு ஒதுக்கி வைத்தது. நாடற்றவர் என்ற நிலையை முற்றாக நீக்க முயன்ற சட்டம் 2003இல்தான் வந்தது. ஆகவே, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மலையகக் குடும்பங்களில் அரசாங்க நியமனக் கடிதம் ஜீவனோபாயத்துக்கு வழி மாத்திரமாக இருக்கவில்லை; இந்த நாடு நம்மை ஏற்றுக்கொண்டது என்பதற்குச் சாட்சியாகவும் இருந்தது. அதை வெறும் சோம்பேறித்தனமான பென்ஷன் மோகம் என்று ஏளனம் செய்வோரோடு எனக்கு உடன்பாடில்லை.

இடையில் தோட்டங்களே அரசாங்கத்தின் கைக்கு மாறிய காலமும் உண்டு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்துக்குப் பின் அவை ‘ஜனவசம’ என்னும் அரச சபைக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் உரியனவாயின. முதலாளி அரசாங்கமாக இருந்தும் தொழிலாளி அரச ஊழியராகவில்லை, பென்ஷனும் வரவில்லை. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் போயிற்று. இப்பகுதியிலுள்ள உடப்புசல்லாவையின் பெயராலேயே ஒரு பெருந்தோட்டக் கம்பெனி அமைந்தது. உண்மையான அரச உத்தியோகம் இம்மக்களுக்கு வாய்த்தது, தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தால் பொறுப்பேற்கப்பட்டு, ஆசிரியர் நியமனங்கள் கிடைக்கத் தொடங்கியபின்னரே. அதனால்தான் படித்த பிள்ளை என்றால் ஆசிரியர் என்ற எண்ணம் இராகலை, ஹைபொரஸ்ட் போன்ற தோட்டப் பகுதிகளில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது.

க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் அறிமுகமாகி, பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்ப பீடங்கள் தோன்றிய பிறகு, இங்கும் வேறுவகைப் பட்டதாரிகள் உருவாகிறார்கள். பக்கத்துப் பதுளையிலேயே 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆயின் பட்டத்தோடு ஊர் திரும்புகிறவர், கொழும்பில் ஆங்கிலத்தில் நடக்கும் நேர்முகப் பரீட்சையையும், சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கும் அறை வாடகையையும் எண்ணிப் பார்த்து, பட்டதாரிப் பயிலுநராகச் சேர்ந்து, பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக அமர்வதையே நாடுகிறார். வர்த்தமானியில் வரும் விளம்பரம் தகப்பன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பார்த்துத் தயங்குவதில்லை. தகுதி இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால், 2022இன் பொருளாதார நெருக்கடி அரசாங்கத்தின் கையையும் கட்டிவிட்டது. தவிர, இயந்திரங்களைக் கற்றவர் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருப்பது அவருக்கும் நாட்டுக்கும் நஷ்டம் என்பதை நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

அவர் கற்ற வித்தைக்கு உரிய இடம் அவர் பிறந்த லயத்துக்கு எதிரிலேயே நிற்கிறது. நிறம் பார்த்துத் தேயிலையைத் தரம் பிரிக்கும் இயந்திரங்கள் ஸ்டோர்களுக்குள் வந்துவிட்டன. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இயங்கிவருகிறது. பட்டதாரிகளை உள்வாங்கினால் வளர்க்கத்தக்க தொழில் இது. இருந்தும் பட்டதாரிகள் அந்தப் பக்கம் திரும்பாமைக்குச் சம்பளம் மட்டும் காரணமன்று. டீமேக்கரின் குவாட்டர்ஸ் கம்பெனியுடையது. ஓய்வுபெறும்போது அவர் அதை விட்டுப் புறப்பட வேண்டும். சேமலாப நிதியாக வரும் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு அறுபது வயதில் காணி தேடுவது இலகுவன்று. அரச உத்தியோகத்தரோ நிரந்தர நியமனத்தைக் காட்டி வங்கியில் கடன் பெற்று, இராகலை டவுனுக்கு அருகே ஒரு துண்டுக் காணி வாங்கி, லயத்திலிருந்து பெற்றோரை அழைத்துக்கொள்ள முடிகிறது. தொழிலாளர் குடும்பங்களுக்குக் காணியும் உறுதிப்பத்திரமும் என்ற பேச்சு இவ்வளவு தூரம் வந்திருக்கும் இக்காலத்தில், தொழிற்சாலையில் சேரும் பட்டதாரிக்கும் அவ்வாறே உறுதியோடு கூடிய ஒரு துண்டுக் காணி தருவதற்குக் கம்பெனிகள் முன்வருமானால், வர்த்தமானியை எதிர்பார்த்து வீட்டிலிருப்போரில் சிலராவது முதலில் ஸ்டோரில் போய் விசாரிப்பார்கள்.