குழந்தை காப்போர்தம் அந்தரங்கம்: ஒரு வரலாற்று நோக்கு

பெற்ற பிள்ளையைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு வேலைக்குச் செல்லும் தாய்மார், ஒப்படைக்கப்படுபவரின் சொந்த வாழ்வை எவ்வளவு தூரம் கேட்டறியலாம்? அவள் கணவனோடு வாழ்கிறாளா, பிரிந்து வாழ்கிறாளா, அவள் வீட்டுக்கு யார் வந்து போகின்றனர், அவள் தொழுகிறாளா என்றெல்லாம் விசாரிப்பது பெற்றோரின் உரிமையா? அல்லது திருமறை விலக்கியுள்ள துருவி ஆராய்தலாகிய தஜஸ்ஸுஸா? இக்காலத்தில் தோன்றியது போலத் தெரியும் இவ்வினா மிகப் பழையது. இதற்கு நம் முன்னோர் கண்ட விடைகளை வரலாற்று நிரலில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உப்பு நிலத்துப் பிள்ளைகள்

இவ்வினாவை மரக்காணத்து உப்பளக் கரையில் நின்று எழுப்புவது பொருத்தமாகும். பக்கிங்காம் கால்வாயும் கழுவெளி ஏரியும் கடலோடு உறவாடும் இந்நிலத்தில் உப்பு விளைச்சல் தொன்மையானது. இங்குள்ள பூமீசுவரர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகளில் உப்பளங்களைப் பற்றிய குறிப்புகள் உண்டு. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இப்பகுதியே என ஆய்வாளர் பலர் கருதுவர். அதே நூல் கொற்கைத் துறையைப் பேசுமிடத்தில் ஓர் அரிய காட்சியைக் காட்டுகிறது. உப்பு வணிகரின் வண்டிகளோடு வந்த மந்தியொன்று, கிளிஞ்சலின் வயிற்றில் முத்தை அடக்கிக் கிலுகிலுப்பையாக்கி, உமணப் பெண்டிரின் புதல்வரோடு விளையாடுகிறது. புலவர் அதனை அழகுக்காகவே கூறினார். எனினும் உப்புத் தொழிலில் உழலும் பெண்ணின் பிள்ளைக்கு யார் துணை என்ற கேள்வி அக்காட்சிக்குள் அடங்கியிருப்பதை நாம் காணலாம்.

இன்றும் கோடைப் பருவத்தில் வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்க வேண்டியிருப்பதால், உப்பளத் தாய்மார் பிள்ளைகள் கண் விழிக்குமுன் வீட்டைவிட்டுப் புறப்படுகின்றனர். பாட்டியோ, அண்டை வீட்டாரோ, மூத்த பெண்பிள்ளையோ சிறுவரைப் பார்த்துக் கொள்கின்றனர். பின்னர் அவர்கள் அங்கன்வாடியில் விடப்படுகின்றனர். ஊரார் வாயில் அடிபடுவோர் பெரும்பாலும் இவ்வாறு பிள்ளை பார்க்கும் பெண்டிரே.

செவிலியின் நிலை

பண்டைத் தமிழகம் செவிலிக்கு உயர்ந்த இடமளித்தது. தோழி என்பவள் செவிலியின் மகளே என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. உடன்போக்கில் சென்ற தலைவியைத் தேடிச் சுரவழியில் அலைபவளாகவும் அகப்பாடல்கள் செவிலியையே காட்டுகின்றன. ஆயினும் அச்செவிலியின் கணவன் யார், அவள் இல்லறம் எத்தகையது என்று அப்பாடல்கள் துருவுவதில்லை. பிள்ளையின்பால் அவளுக்குள்ள பரிவே அவளுக்குரிய அடையாளமாக நிற்கிறது.

அரபு நாட்டில் பாலூட்டும் தாயரின் வழக்கம் அனைவரும் அறிந்ததே. அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு முதலில் பாலூட்டியவர்களுள் ஒருவர் அபூலஹபின் அடிமைப் பெண்ணான துவைபா. பின்னர் வளர்த்தவர் பனூ சஅத் கிளையைச் சேர்ந்த ஹலீமா. தந்தையற்ற பிள்ளையிடம் என்ன ஊதியம் கிடைக்கும் என்று முதலில் தயங்கியவர் ஹலீமாவே என்பது சீறா நூல்கள் தரும் செய்தியாகும். ஆராயப்பட்டது செவிலியின் குடும்பமன்று, குழந்தையின் குடும்பமே என்னும் இவ்வமைதி எண்ணத்தக்கது. பிற்காலத்தில் ஹுனைன் போருக்குப் பின் (கி.பி. 630) சிறைப்பட்டோரிடையே வந்த பால்குடிச் சகோதரி ஷைமாவுக்கு, நபியவர்கள் தம் மேலாடையை விரித்து இருக்கை தந்தார்கள். தம்மைத் தூக்கி வளர்த்த உம்மு அய்மனைத் தாய்க்குப் பின் தாயாகப் போற்றினார்கள்.

திருக்குர்ஆன் மூசா நபியின் வரலாற்றைக் கூறுமிடத்திலும் இதற்கோர் அளவுகோல் கிடைக்கிறது (28:12). குழந்தைக்குப் பாலூட்டுவாரைத் தேடிய பிர்அவ்னின் வீட்டாரிடம், அக்குழந்தையைப் பொறுப்பேற்று அதற்கு நலம் நாடுவோராக இருக்கும் ஒரு வீட்டைத் தாம் காட்டவா எனக் குழந்தையின் சகோதரி வினவுகிறார். பொறுப்பேற்றல், நலம் நாடுதல் ஆகிய இரண்டுமே அங்கு முன்வைக்கப்பட்ட தகுதிகள்.

ஃபிக்ஹு அறிஞர் வகுத்த எல்லை

நற்குணத்தைப் பற்றி நம் அறிஞர் கவலை கொள்ளவில்லை என்று இதனால் கருதிவிடலாகாது. இப்னு ஸீனா (மறைவு 1037) தம் மருத்துவப் பேரேடான கானூனில், பாலூட்டுபவள் இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து வயதுக்குட்பட்டவளாகவும், சினத்துக்கும் துயருக்கும் எளிதில் ஆட்படாத நற்குணமுடையவளாகவும் இருக்க வேண்டும் என்கிறார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (மறைவு 1111) ஹலாலான உணவை உண்ணும் பேணுதலுள்ள பெண்ணே பிள்ளைக்குப் பாலூட்ட வேண்டும் என வலியுறுத்துகிறார். ஆகவே, பெற்றோர் கேட்டறிவது தவறன்று, கேளாதிருப்பதே பொறுப்பின்மை.

ஆனால் எவ்வளவு கேட்பது? குழந்தையைப் பேணும் உரிமையாகிய ஹளானத்தைப் பற்றிய பகுதியில் இதற்கு விடை இருக்கிறது. ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபு நூல்கள் பேணுபவரிடம் நேர்மையை நிபந்தனையாக்கின. எனினும் வெளிப்படையாகக் காணும் நேர்மையே போதும், உள்ளே புகுந்து ஆராய வேண்டியதில்லை என்று ஷாஃபிஈ அறிஞர் அதனைத் தளர்த்தினர். இப்னுல் கய்யிம் (மறைவு 1350) தம் ஸாதுல் மஆதில், நேர்மையைக் கட்டாய நிபந்தனையாக்கினால் உலகத்துப் பிள்ளைகள் பேணுவாரின்றி அழிவர், மக்களுக்குப் பெருஞ்சிரமம் நேரும் என்று வாதிட்டார். ஹனஃபி அறிஞராகிய திமிஷ்கின் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) இன்னும் நுட்பமாகக் கூறினார்: பேணுபவளின் எந்தத் தீயொழுக்கம் குழந்தையைக் கவனிப்பாரற்று வீணாக்குமோ, அதுவே அவளது உரிமையை நீக்கும். ஒழுக்கக்கேடு அனைத்தும் ஒரே தட்டில் வைக்கப்படவில்லை. குழந்தையைச் சென்று தாக்குவது வேறு, தாக்காதது வேறு. நாம் தேடிய எல்லைக்கோடு இதுவே.

உமர் (ரலி) அவர்களின் இரு இரவுகள்

இவ்வெல்லைக்கு உயிருள்ள சான்றாக அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்து (634–644) இரு நிகழ்ச்சிகளை நாம் ஒப்பிடலாம். இரண்டும் மதீனாவின் இரவுக் காவலின்போது நிகழ்ந்தனவாக அறிவிக்கப்படுவன.

முதலாவது, இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் எடுத்துரைப்பது. ஒரு வீட்டில் பாட்டொலி கேட்டு உமர் (ரலி) சுவரேறிக் குதித்தார். உள்ளே ஒருவன் பெண்ணொருத்தியோடும் மதுவோடும் இருந்தான். கலீஃபா கண்டித்தபோது அவன், தான் செய்தது ஒரு பாவமென்றும் கலீஃபா செய்தவை மூன்றென்றும் விடையிறுத்தான். துருவி ஆராயாதீர் என்ற கட்டளை (49:12), வீடுகளுக்கு வாயில் வழியே வருக என்ற கட்டளை (2:189), இசைவு பெற்று ஸலாம் கூறி நுழைக என்ற கட்டளை (24:27) ஆகியவற்றை அவன் எடுத்துக்காட்டினான். கலீஃபா அவனை விட்டுவிட்டு வெளியேறினார்.

இரண்டாவது, இப்னு ஸஅத் பதிவு செய்தது. நகருக்கு வெளியே தங்கிய வணிகர் கூட்டத்துக்குக் காவலிருந்த இரவில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டது. உமர் (ரலி) மும்முறை அத்தாயிடம் சென்று வினவினார். பால் மறந்த பிள்ளைகளுக்கே கலீஃபா உதவித்தொகை தருவதால், முன்கூட்டியே பால்குடி மறக்கச் செய்வதாக, வினவியவர் யாரென்றறியாத அத்தாய் கூறினாள். அன்று ஃபஜ்ருத் தொழுகையில் கலீஃபாவின் ஓதுதல் அழுகையால் தடைபட்டது. பின்னர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த நாள் முதலே உதவித்தொகை என ஆணையிட்டார்.

கேட்டவர் ஒருவரே, காலமும் இரவே. முதல் நிகழ்ச்சியில் அவர் பெரியோர் ஒருவரின் மறைவான பாவத்தைத் தேடிச் சென்றார். திருமறையே அவரைத் தடுத்தது. இரண்டாவதில் குழந்தையின் அழுகுரல் அவரை அழைத்தது. மும்முறை வினவியது கடமையாயிற்று. அது மட்டுமன்று, விசாரணையின் முடிவில் அத்தாய் தண்டிக்கப்படவில்லை. அவளை அந்நிலைக்குத் தள்ளிய விதி திருத்தப்பட்டது.

நம் காலத்து அனுபவம்

நம் நாட்டில் அங்கன்வாடி என்ற சொல் வீட்டு முற்றத்திலிருந்து பிறந்தது. பள்ளிக்கு வராத பிள்ளைகளின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுசென்றவர், மராட்டியத்தின் போர்டி கிராமத்தில் 1945இல் பணி தொடங்கிய தாராபாய் மோடக் (1892–1973). அவர் மணமுறிவு பெற்ற பெண்மணி. பெற்றோர் அதனையே தகுதிக்குறைவாகக் கொண்டிருந்தால், இந்நாட்டுப் பிள்ளைக் கல்வி எத்துணை இழந்திருக்கும்!

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கிற்று. தமிழகத்தில் 1980இல் வந்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஏழையாயிருந்தும் தம் பிள்ளைகளை நன்கு வளர்த்த உள்ளூர்த் தாய்மாருக்கே பணியில் முன்னுரிமை தந்தது. இங்கும் அளவுகோல் குழந்தையே. கைம்பெண்கள், கணவனால் கைவிடப்பட்டோர், ஆதரவற்ற பெண்கள் ஆகியோருக்குத் தமிழக அரசு அங்கன்வாடி, சத்துணவுப் பணியிடங்களில் கால் பங்கு ஒதுக்கியது. ஊர் எவரை ஐயுறுமோ அவர் கையிலேயே அரசு பிள்ளைகளைத் தந்தது. இவ்வேற்பாட்டின் பெருமையை நாம் முழுதும் உணர்ந்தோமில்லை.

ஐயம் எவ்வாறு அநீதியாகிறது என்பதற்கும் சான்று உண்டு. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சமைப்பதைப் பெற்றோர் சிலர் எதிர்த்துப் போராடினர். அவர்கள் கேட்டது உணவின் தூய்மையை அன்று, சமைத்தவரின் பிறப்பை. கடல் கடந்த நாட்டிலும் இதற்கு இணை உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மக்மார்ட்டின் மழலையர் பள்ளியின்மீது 1983இல் எழுந்த பாலியல் குற்றச்சாட்டு ஊர்ப்பீதியாகப் பெருகி, 1990வரை நீண்ட வழக்காகி, ஒருவரும் தண்டிக்கப்படாமலே முடிந்தது. வழிநடத்தும் கேள்விகளால் பிள்ளைகளின் வாயிலிருந்து நடவாதவை வரவழைக்கப்பட்டன என்பது பின்னர் பரவலாக ஏற்கப்பட்டது.

இதனால் அச்சமனைத்தும் வீண் என்பது கருத்தன்று. பிள்ளைகள்மீது பாலியல் கொடுமை நிகழ்வது மெய். அதனாலேயே 2012இல் போக்சோ சட்டம் வந்தது. 2020இன் விதிகள், பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனப் பணியாளர் ஒவ்வொருவரைப் பற்றியும் காவல்துறைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின. பிள்ளைக்கு இழைக்கப்பட்ட தீங்கை அறிந்தும் குறை மறைத்தல் எனக் கூறி வாய்மூடியிருப்பது ஷரீஅத்தைத் தலைகீழாக்குவதாகும். குறை மறைத்தல் தன்னளவில் நிற்கும் தவறுக்குரியது. பிறரைத் தாக்கும் கொடுமைக்குரியதன்று.

வீட்டில் குடிப்பவர் உண்டா என்ற கேள்வியும் இவ்வகையினதே. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயத்தால் பலர் மாண்டதைக் கண்ட இக்கரையில், அக்கேள்வியை ஊர்வம்பு என ஒதுக்க இயலாது. பிள்ளை பார்க்கப்படும் வீட்டில் பகலில் குடித்துக் கிடப்பவர் உண்டெனில், பெற்றோர் அறிந்தாக வேண்டும். ஆனால் அங்கன்வாடிப் பணியாளரைப் பிரிந்து வேறு ஊரில் வாழும் கணவன் குடிகாரனா என்பது அவர்களுக்கு வேண்டாத செய்தி.

மஹல்லாவின் கடமை

இக்கடற்கரையின் ஜமாஅத்துகளும் மதரஸா, மழலையர் பள்ளி நடத்தும் நிர்வாகங்களும் இதனை நடைமுறையாக்க இயலும். பிள்ளையைத் தனியே விடும் நேரங்கள் எவை, வாயிலும் சாளரமும் திறந்திருக்கின்றனவா, அடி உண்டா, பிள்ளையை அழைத்துச் செல்ல யாருக்கு உரிமை, முறையீட்டைக் கேட்பவர் யார் ஆகிய கேள்விகளை எழுத்தில் வைத்து எல்லாப் பணியாளரிடமும் ஒரே முறையில் கேட்கலாம். ஆலிமாயினும் ஆயாவாயினும் வேறுபாடு கூடாது. கைம்பெண்ணிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி விசாரணையாகாது, அது இழிவுபடுத்தல். சட்டப்படியான சரிபார்ப்பை உரியவர் செய்யட்டும். தேநீர்க்கடைப் பேச்சு அதற்கு ஈடாகாது.

இன்னொன்றும் உண்டு. பாலூட்டுவோருக்கு உரிய ஊதியத்தைத் தருமாறு திருமறை கட்டளையிடுகிறது (65:6). நம் நாட்டில் அங்கன்வாடிப் பணி நெடுங்காலம் மதிப்பூதியத் தொண்டாகவே கருதப்பட்டது; அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டென உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க 2022 ஏப்ரல் வரை காத்திருக்க நேர்ந்தது. ஊதியத்தைக் குறைத்துவிட்டு ஒழுக்கத்தை மட்டும் அளக்கும் சமுதாயம், தன் கடனைச் செலுத்தாமல் பிறர் கணக்கைக் கேட்பதாகும்.

உப்பளத்துத் தாய் நிம்மதியோடு பாத்தியில் இறங்க வேண்டும். அவள் பிள்ளையைத் தாங்கும் பெண்ணும் தலைநிமிர்ந்து தெருவில் நடக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. குழந்தையின் அழுகுரல் கேட்குமிடத்தில் மும்முறையும் கதவைத் தட்டுவோம், பிறிதெதற்காகவும் சுவரேறாதிருப்போம். அமானத்தைப் பேணவும் பிறர் மானத்தைக் காக்கவும் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!