நிலவறைக்கு இறங்கிய கோபுரம்

1974 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. மரப்பலகை போலத் தோன்றும் தாள் ஒட்டிய அட்டைப்பெட்டி, உள்ளே மூன்று மெல்லிய நூல்கள், விலை 10 டாலர். முதல் பதிப்பு 1,000 பெட்டிகள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய அந்த ஆட்டத்தின் பெயர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேச்சாலும் பகடையாலும் கதை வளர்க்கும் ஆட்டங்களில் அச்சேறி விற்பனைக்கு வந்த முதல் ஆட்டம் அதுதான்.

இந்த ஆட்டத்தில் ஒருவருக்கு மட்டும் வேறு வேலை. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிந்தவர் அவர். அரக்கனுக்கும் கடைக்காரனுக்கும் அவரே குரல் கொடுப்பார். ஒருவர் எடுத்த முயற்சி பலித்ததா இல்லையா என்று தீர்ப்பதும் அவர்தான். அவரை உலகம் ‘டன்ஜன் மாஸ்டர்’ என்கிறது, சுருக்கமாக டிஎம். ஆனால் அந்த மூன்று நூல்களில் இந்தப் பெயர் இல்லை. அங்கே அவர் வெறும் ‘ரெஃப்ரீ’. இடையில் நுழைந்த ‘டன்ஜன்’, ‘மாஸ்டர்’ என்ற இரண்டு சொற்களுக்கும் நீண்ட வரலாறு உண்டு. முதல் சொல்லின் வரலாறு நூற்றாண்டுக் கணக்கில் தலைகீழாகப் புரண்ட ஒன்று.

பழைய பிரெஞ்சில் ‘டோன்ஜோன்’ என்பது சிறையைக் குறிக்கவில்லை. கோட்டையின் நடுவே, மற்ற எல்லாச் சுவர்களையும்விட உயர்ந்து நிற்கும் தலைமைக் கோபுரம் அது. உடையவன் குடியிருக்கும் இடம். எதிரி வெளிமதிலை உடைத்துவிட்டால் கடைசியாகத் தஞ்சம் புகும் இடம். இலத்தீனில் தலைவனைக் குறிக்கும் ‘டோமினுஸ்’ என்ற சொல்லிலிருந்து அது வந்தது என்பதே அகராதிகள் பலவற்றின் முடிவு. நம் அலுவலகங்களில் அன்றாடம் ஒலிக்கும் ‘மேடம்’ அதே சொல்லின் பெண்பால் வழி வந்ததுதான். ஜெர்மானிய மொழிகளில் நிலத்தடி அறையைக் குறித்த ஒரு பழஞ்சொல்லே மூலம் என்று வாதிடுவோரும் உண்டு. எனக்கு முதல் கருத்தே வலுவாகப் படுகிறது. பிரெஞ்சில் அச்சொல் நூற்றாண்டுக் கணக்கில் கோபுரத்தைவிட்டு இறங்கவே இல்லையே.

அப்படியானால் ஆங்கிலத்தில் அது எப்படிப் பாதாளச் சிறையானது? கோட்டையிலேயே உறுதியான கட்டடம் எதுவோ அதில்தான் கைதியையும் அடைத்தார்கள். பாரிஸை அடுத்த வான்சேன் கோட்டையின் டோன்ஜோன் 14ஆம் நூற்றாண்டில் மன்னர் தங்குவதற்காக எழுந்தது. உயரம் ஏறத்தாழ 50 மீட்டர். பின்னாளில் அதுவே அரசுச் சிறையானது. 1749இல் கலைக்களஞ்சியம் தொகுத்த தெனி திதரோவை அங்கேதான் அடைத்து வைத்தார்கள். பிரெஞ்சில் கட்டடம் வேலை மாறியும் சொல் மாறவில்லை. ஆங்கிலத்திலோ 14ஆம் நூற்றாண்டிலேயே சொல் மெல்ல அடித்தளத்துக்குச் சரிந்து, கோபுரத்தின் கீழுள்ள இருட்டறையின் பெயராகிவிட்டது. மேலே நின்ற கோபுரத்துக்கு ஆங்கிலேயர் ‘கீப்’ என்ற வேறு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிரிந்துபோன இந்த இரு பொருள்களும் கைகாக்ஸ் எழுதிய ஒரு சாகசத்தில் எதிரெதிரே நிற்கின்றன. ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ என்ற அந்தத் தொகுப்பு 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடக்க ஆட்டக்காரருக்கான பெட்டியோடு சேர்ந்தே வந்ததால், ஒரு தலைமுறையே அதில்தான் ஆடப் பழகியது. எல்லைக் கோட்டையில் தங்கலாம், பொருள் வாங்கலாம், காயம் ஆற்றலாம். அங்கிருந்து கிளம்பிப் போனால் அரக்கர் வாழும் குகைகள். பழைய டோன்ஜோனின் காப்பு ஒரு முனையில், புதிய டன்ஜனின் அச்சம் மறுமுனையில். இதைத் திட்டமிட்டு வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லின் வரலாறு தானாக வந்து வரைபடத்தில் உட்கார்ந்துகொண்டது.

நிலவறையை ஏன் தேர்ந்தார்கள் என்ற கேள்விக்கு விடை அச்சம் மட்டுமல்ல, நடைமுறைத் தேவையும்தான். திறந்த வெளியில் ஆட்டக்காரர்கள் எட்டுத் திசையும் போகலாம்; நடத்துபவர் எல்லாவற்றையும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது. நிலவறையில் சுவர் உண்டு. இடமா வலமா, இந்தக் கதவா அந்தக் கதவா என்று தேர்வுகள் எண்ணக்கூடியவை. கட்டத்தாளில் மாலையில் வரைந்து இரவில் ஆடிவிடலாம். மின்னசோட்டாவில் ஆர்னசன் தன் ‘பிளாக்மூர்’ கோட்டையின் அடியிலும், லேக் ஜெனீவாவில் கைகாக்ஸ் தன் ‘கிரேஹாக்’ கோட்டையின் அடியிலும் அடுக்கடுக்காகத் தளங்களை வரைந்தார்கள். ஆழம் கூடக்கூட ஆபத்தும் கூடும், புதையலும் கூடும். ஆட்டத்தின் தலைப்பில் டன்ஜன் என்ற சொல் ஏறியதற்கு இந்தத் தாள்களே காரணம் என்பேன்.

‘மாஸ்டர்’ நமக்கு நெருங்கிய உறவு. இலத்தீனின் ‘மாகிஸ்தர்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘மாஸ்டர்’ ஆனது; போர்த்துக்கீசியரின் ‘மெஸ்த்ரே’ வழியாகத் தமிழுக்கு வந்து ‘மேஸ்திரி’ ஆனது. ‘மிகுதி’ என்னும் பொருளுடைய அடிச்சொல்லிலிருந்து மாகிஸ்தரும், ‘குறைவு’ என்னும் அடிச்சொல்லிலிருந்து அதன் எதிரிணையான ‘மினிஸ்தர்’ என்ற ஏவலாளும் பிறந்தார்கள். டிஎம் செய்வது இரண்டு வேலையும்தான்: தீர்ப்புச் சொல்கிறார், மற்ற நால்வர் ஐவர் மகிழ்வதற்காக வாரம் முழுதும் உழைக்கவும் செய்கிறார்.

இப்பணியின் மூதாதையைப் பிரஷ்யப் படையில் காணலாம். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி வெளியிட்ட ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற போர்ப்பயிற்சி ஆட்டத்தில் நடுவருக்கு ‘ஃபெர்ட்ராவ்டர்’, அதாவது இரு தரப்பின் நம்பிக்கைக்கும் உரியவர், என்று பெயர். 1876இல் ஃபெர்டி து வெர்னுவா விதிகளின் சுமையைக் குறைத்து, நடுவரின் பட்டறிவுக்கே தீர்ப்பை விட்டார். 1880இல் அமெரிக்கரான சார்லஸ் டாட்டன் எழுதிய ‘ஸ்ட்ராட்டகோஸ்’ என்ற நூல் 1960களில் மின்னசோட்டா இளைஞர் டேவிட் வெஸ்லியின் கையில் சிக்கியது. அதன் பயனாக 1969இல் அவர் நடத்திய ‘பிரவுன்ஸ்டீன்’ ஆட்டத்தில், படைகளை நகர்த்துவதற்குப் பதில் ஆளுக்கொரு மனிதராக ஆட முடிந்தது. அந்த மேசையில் ஆர்னசனும் ஒருவர்.

அஞ்சல்வழி ‘டிப்ளமசி’ ஆடியவர்களிடம் ‘கேம் மாஸ்டர்’ என்ற பெயர் ஏற்கெனவே புழங்கியது. அதன் பாதியும் நிலவறையும் சேர்ந்து 1975இல் ‘பிளாக்மூர்’ துணைநூலில் ‘டன்ஜன் மாஸ்டர்’ என்று அச்சேறின. 1979இல் அந்தப் பெயரிலேயே தடித்த கையேடு வந்தது. வெளியீட்டாளரான டிஎஸ்ஆர் பெயரைத் தன்னுடையதாகக் காத்துவந்ததால், மற்றவர்கள் வேறு பெயர் தேட வேண்டியிருந்தது. 1977இன் ‘டிராவலர்’ ஆட்டம் ரெஃப்ரீயோடு நின்றது. 1981இன் ‘கால் ஆஃப் கதுல்ஹு’ காவலர் என்ற பொருளில் ‘கீப்பர்’ என்றது. கோபுரத்தின் ஆங்கிலப் பெயருக்கு உறவான சொல். 1991இன் ‘வேம்பயர்: தி மாஸ்கரேட்’ கதைசொல்லி என்ற பொருளில் ‘ஸ்டோரிடெல்லர்’ என்றது. இந்தப் பெயர்கள் வெறும் அலங்காரமல்ல. கீப்பர் மறைபொருளைப் பொத்திவைத்து மெல்ல விடுவிப்பவர், ஸ்டோரிடெல்லர் உணர்ச்சிகளை இழுத்துப் பின்னுபவர். அழைக்கும் பெயருக்கேற்ப நடத்தும் விதமே மாறிவிடுகிறது. இவற்றுள் ஃபெர்ட்ராவ்டரே எனக்கு உகந்த பெயர், ஏனெனில் மேசையில் உண்மையாக நடப்பது அதுதான்.

கணினி நிலவறைக்கும் இதே சொல் போனது. 1978இல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய ‘மட்’ என்ற பலர் ஆடும் ஆட்டத்தின் பெயரில் கடைசி எழுத்து டன்ஜனையே குறிக்கும். ‘ஸோர்க்’ என்ற கணினி ஆட்டத்தின் ஒரு வடிவத்துக்கு, அன்றைய கணினியில் கோப்புப் பெயர் ஆறு எழுத்தைத் தாண்டக்கூடாது என்பதால், டன்ஜன் என்பதில் ஓரெழுத்தைக் கழித்துப் பெயரிட்டிருந்தார்கள். அதிலிருந்தே தாங்கள் எடுத்ததாகப் பார்ட்டில் சொல்லியிருக்கிறார்.

பிரெஞ்சு மொழிக்கு ஆட்டம் போனபோது தலைப்பு ‘டோன்ஜோன் எ ட்ராகோன்’ ஆனது. இங்கிலாந்துக்குக் கோபுரமாகப் போன சொல் நிலவறையாகத் தாய்மொழிக்குத் திரும்பியது. இப்போது பிரான்சில் அந்த ஒரே சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு: வான்சேனுக்குச் சுற்றுலா போகிறவர் படியேறுகிறார், பகடையோடு மேசைக்கு வருகிறவர் படியிறங்குகிறார்.