ஊர்வன பேணிய தீவு

ஓர் உயிரை வளர்ப்பது வேறு. அடைத்து வைப்பது வேறு. பசுவும் நாயும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு கூடி வாழ்ந்தவை. அவற்றின் பசியையும் பிணியையும் வீட்டார் முகம் பார்த்தே அறிவர். பாம்பு, உடும்பு, பல்லி முதலிய ஊர்வனவோ அத்தகைய உறவில் வந்தவை அல்ல. எனினும், இந்நாளில் உலகின் பெருநகரங்களில் அவற்றைச் செல்லப்பிராணிகளாக வளர்க்கும் வேட்கை பெருகியுள்ளது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த தேகு என்னும் பெரும்பல்லி அவ்வாறு விரும்பி வாங்கப்படும் உயிர்களுள் ஒன்று.

அதனை வாங்க எண்ணுவோர் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் புதியன அல்ல. பினாங்குத் தீவு அவற்றை முன்னரே சந்தித்திருக்கிறது. இங்கே அறிஞர் ஊர்வனவற்றைப் பெயரிட்டுப் பட்டியலிட்டனர், கோயிலார் இடமளித்தனர், வணிகர் விலை வைத்தனர். இம்மூன்று வழிகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால், ஓர் உயிரைத் தேர்வதும் பேணுவதும் எத்துணைப் பொறுப்பு வாய்ந்த செயல்கள் என்பது புலனாகும்.

தமிழருக்கு இவ்வகை உயிர்களுள் நன்கு அறிமுகமானது உடும்பு. பற்றியதை விடாத உறுதியை 'உடும்புப் பிடி' என்கிறோம். கஞ்சிரா என்னும் தோற்கருவிக்கு உடும்பின் தோலே நெடுங்காலம் போர்த்தப்பட்டது. அதன் இறைச்சி மருந்தாகும் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆக, உடும்பை அறிந்த தமிழர் அதனை வேட்டைப் பொருளாகவே அறிந்தனர். வீட்டு உயிராக அறிந்திலர். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னரே அதனைக் கொல்வது குற்றம் என்னும் நிலை உறுதிப்பட்டது.

பினாங்கில் குடியேறிய தமிழர் இங்கும் உடும்பின் உறவைக் கண்டனர். மலாய்க்காரர் 'பியாவாக்' என்று அழைக்கும் நீருடும்பு அது. தண்ணீர்மலை அடிவாரத்தில் 1884இல் அமைக்கப்பட்ட தாவரப் பூங்காவின் ஓடைக்கரையிலும், ஊர்ப்புறக் கால்வாய்களின் ஓரத்திலும் அது நாவை நீட்டியவாறு நடமாடுவதை இன்றும் காணலாம். முழு வளர்ச்சி பெற்ற நீருடும்பு இரண்டு மீட்டருக்கும் மேல் நீளும். இறந்த உயிர்களை உண்டு நீர்நிலைகளைத் தூய்மை செய்யும் பணி அதனுடையது. அது மனிதரை நாடி வருவதில்லை. மனிதர் வாழும் இடத்தில் தனக்குரிய மூலையை அமைத்துக்கொள்கிறது, அவ்வளவே.

1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கும்பெனிக்காகக் கைப்பற்றிய பின்னர், கப்பல்களில் வணிகரோடு மருத்துவர்களும் வந்தனர். அக்கால மருத்துவர் பலர் இயற்கை ஆய்வாளருமாவர். அவர்களுள் ஒருவர் டென்மார்க் நாட்டினரான தியோடர் கேன்டர். கும்பெனியின் மருத்துவப் பணியில் இருந்த இவர், 1836இல் இராசநாகத்தை அறிவியல் உலகிற்கு விவரித்தார். பினாங்கிலும் பணியாற்றி, மலாயாத் தீபகற்பத்திலும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலும் வாழும் ஊர்வனவற்றைப் பற்றிய பட்டியல் ஒன்றை 1847இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். எந்த உயிர் மலையில் வாழ்வது, எது சமவெளிக்குரியது, எது நஞ்சுடையது என்பனவற்றை வகைப்படுத்த அந்நூல் வழி செய்தது.

கேன்டர் போன்றோர் உயிர்களை நேசித்து வளர்த்தவர்கள் என்று கூறுதற்கில்லை. அவர்களிடம் சேர்ந்த உயிர்களுள் மிகுதியானவை சாராயப் புட்டிகளில் முடிந்தன. ஆயினும், அவர்கள் விட்டுச் சென்ற பாடம் ஒன்றுண்டு. ஓர் உயிரைக் கையில் எடுக்குமுன் அதன் பெயரையும் வாழிடத்தையும் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே அது.

அறிஞர் வழி இவ்வாறிருக்க, அத்தீவின் தென்கிழக்கில் பாயான் லெப்பாஸ் வட்டாரத்துச் சுங்கை குளுவாங்கில் வேறொரு வழி உருவாயிற்று. அங்குள்ள சீனர் கோயில் பாம்புக் கோயில் என்றே உலகெங்கும் பெயர் பெற்றது. சோங் அரச மரபுக் காலத்தில் சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் வாழ்ந்த சோர் சூ கோங் என்னும் துறவிக்காக அது எழுப்பப்பட்டது. 1850ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது என்பது வழங்கிவரும் செய்தி. அத்துறவி காட்டுப் பாம்புகளுக்குத் தம் இருப்பிடத்தில் அடைக்கலம் தந்தார் என்றும், கோயில் எழுந்ததும் பாம்புகள் தாமாகவே வந்து சேர்ந்தன என்றும் பக்தர் கூறுவர்.

அங்குள்ளவை பெரும்பாலும் வாக்லர் குழிவிரியன் என்னும் இனம். ஆண் சிறிதாகவும் பச்சையாகவும் இருக்கும். பெண் ஒரு மீட்டர் வரை வளர்ந்து, கருமையும் மஞ்சளும் கலந்த பட்டைகளோடு விளங்கும். ஊதுவத்திப் புகையில் மயங்கியே அவை கடிக்காமல் கிடக்கின்றன என்பது பலரது நம்பிக்கை. உயிரியல் கூறும் காரணம் வேறு. இவ்விரியன் இரவில் இரை தேடுவது. பகலில் கிளையோடு ஒட்டி அசையாமல் காத்திருப்பது அதன் பிறவிக் குணம். புகை இல்லாத காட்டிலும் அது அவ்வாறே கிடக்கும். அசையாத உயிரைச் சாதுவான உயிர் என்று எண்ணுவது ஊர்வன வளர்ப்போர் பலர் இன்றும் செய்யும் பிழையாகும்.

கோயிலின் வரலாற்றில் மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. அக்காலத்தில் கோயிலைச் சுற்றிக் காடும் தோப்பும் இருந்தன. பாம்புகள் வரவும் போகவும் வழி இருந்தது. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கப்பட்டது. தொழிற்சாலைகளும் சாலைகளும் பெருகின, மரங்கள் குறைந்தன, கோயிலில் பாம்புகளும் குறைந்தன. அடைக்கலம் என்பது கூரை மட்டுமன்று, கூரையைச் சூழ்ந்த காடும் சேர்ந்ததே என்பதைப் பாயான் லெப்பாஸ் காட்டிற்று.

மூன்றாவது வழி வணிகம். துறைமுகமும் விமான நிலையமும் உடைய தீவு எப்பொருளுக்கும் வாயிலாக அமையும்; உயிருக்கும் அமைந்தது. அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் 1975இல் நடைமுறைக்கு வந்தது. 1977இல் பினாங்கிலேயே தோன்றிய சஹாபாட் ஆலாம் மலேசியா என்னும் இயற்கை நண்பர் இயக்கம், காடுகளுக்காகவும் காட்டுயிர்களுக்காகவும் குரல் கொடுத்தது. அதற்கும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திற்கும் நெடுங்காலம் தலைமை தாங்கியவர், தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வாழ்ந்து 2019இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரீஸ் ஆவார்.

இக்குரலுக்குத் தேவை இருந்தது என்பதற்கு 2010ஆம் ஆண்டு நிகழ்ச்சியே சான்று. பினாங்கைத் தளமாகக் கொண்டு ஊர்வன வணிகம் செய்த ஒருவரின் பயணப்பெட்டி, அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் உடைந்து திறந்துகொண்டது. உள்ளே 95 போவா மலைப்பாம்புகள் இருந்தன. அவர் அதற்கு முன்னரே அமெரிக்காவில் ஊர்வனக் கடத்தலுக்காகச் சிறைத்தண்டனை பெற்றவர். முதலில் ஆறு மாதமாக விதிக்கப்பட்ட தண்டனை, மேல்முறையீட்டில் ஐந்தாண்டாக உயர்த்தப்பட்டது. 2012இல் மற்றொரு மேல்முறையீட்டின் பின் அவர் விடுதலையானார். அதே 2010இல் மலேசியா புதிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, 1972ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்கு மாற்றாக நடைமுறைப்படுத்திற்று. பெட்டிக்குள் நெருக்கி அடைக்கப்பட்ட அவ்வுயிர்கள் யாரோ ஒருவருடைய கண்ணாடிப் பேழைக்காகவே பயணம் செய்தன. வாங்குவோர் இல்லையேல் கடத்துவோர் இல்லை.

இனி, தேகுவை நோக்குவோம். கறுப்பும் வெள்ளையும் கலந்த தேகு பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே முதலிய நாடுகளுக்கு உரியது. அதன் அறிவியற் பெயர் சல்வேட்டர் மெரியானே. நம் நீருடும்பின் பெயர் வாரானஸ் சல்வேட்டர். பெயரிலும் தோற்றத்திலும் நெருங்கியிருப்பினும் இவை இரண்டும் வெவ்வேறு குடும்பத்தன. முட்டையிலிருந்து வெளிவரும் தேகுக் குஞ்சு விரல்களுக்கிடையே அடங்கும். பச்சைத் தலையோடு அழகாகவும் இருக்கும். வாங்குவோர் கண்ணில் படுவது அதுவே. சில ஆண்டுகளில் அது ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். நன்கு பேணினால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். தொடக்கப்பள்ளி மாணவன் ஒருவன் ஆசையாகக் கேட்டு வாங்கிய குஞ்சு, அவன் படிப்பை முடித்து வேலைக்குச் சென்ற பின்னும் வீட்டில் இருக்கும்.

ஆகவே, தேர்வு என்பது குஞ்சின் நிறத்தைப் பார்ப்பதன்று. அது காட்டில் பிடிபட்டதா, வளர்ப்பிடத்தில் பொரிந்ததா என்று கேட்பதே முதல் தேர்வு. தேகுவும் சைட்டீஸ் பட்டியலில் இடம்பெற்றது. எனவே உரிய ஆவணம் இல்லாததைத் தொடலாகாது. கண்ணில் ஒளி, உடலில் சதைப்பற்று, நடையில் தெளிவு, வாயிலும் மூக்கிலும் சளியின்மை ஆகியவை நலத்தின் அடையாளங்கள்.

பேணுதலும் எளிதன்று. அது நடந்து திரியவும் மண்ணைத் தோண்டிப் புதையவும் அகன்ற இடம் வேண்டும். ஒரு புறம் வெயில் போன்ற வெம்மையும், மறுபுறம் நிழலும் அமைய வேண்டும். வீட்டினுள் வளர்த்தால் புற ஊதாக் கதிர் தரும் விளக்கு இன்றியமையாதது. அதுவும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தால் எலும்பு நலிந்து கால்கள் வளையும். பூச்சி, முட்டை, மீன், இறைச்சி, கனி ஆகிய அனைத்தையும் உண்ணும் உயிராதலின், ஒரே உணவை நாளும் இடுதல் தீது. தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் சால்மோனெல்லாக் கிருமியைத் தவிர்க்கும். சொந்த நாட்டில் குளிர்காலத்தில் வளைக்குள் உறங்கும் உயிர் அது. உணவை மறுத்து ஒடுங்கினால் நோயா, உறக்கமா என்று பகுத்தறியத் தெரிந்த மருத்துவரும் அருகில் வேண்டும்.

இவற்றைச் செய்ய இயலாதவர் என்ன செய்கின்றனர்? வெளியே விட்டுவிடுகின்றனர். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் தப்பியும் விடப்பட்டும் பெருகிய தேகுகள், பறவை முட்டைகளையும் முதலை இன முட்டைகளையும் உண்டு பெருந்தொல்லை ஆயின. 2021இல் அம்மாநிலம் தேகுவைத் தடைசெய்யப்பட்ட உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. பிரேசிலுக்குரிய ஃபெர்னாண்டோ தி நொரோன்யா தீவில் நேர்ந்தது இன்னும் எண்ணத்தக்கது. எலியை ஒழிப்பதற்கென 20ஆம் நூற்றாண்டில் தேகுவை அங்குக் கொண்டு சென்றனர். எலி இரவில் திரிவது. தேகு பகலில் திரிவது. இரண்டும் சந்திக்கவே இல்லை. தேகு கடற்பறவை முட்டைகளையும் ஆமை முட்டைகளையும் தேடிச் சென்றது.

பினாங்கும் ஒரு தீவு. இங்கும் கடலாமைகள் கரையேறி முட்டையிடும் மணற்பரப்பு உண்டு. வெப்பமும் ஈரமும் நிறைந்த இம்மண்ணில் கைவிடப்படும் அயல்நாட்டு உயிரொன்று மடிந்தால் அது அவ்வுயிருக்குத் தீங்கு. பிழைத்தால் இம்மண்ணின் உயிர்களுக்குத் தீங்கு. இரண்டில் எது நேர்ந்தாலும் பொறுப்பு வளர்த்தவருடையதே.

அறிஞர் வழியிலிருந்து அறிவையும், கோயில் வழியிலிருந்து அடைக்கலத்தையும், வணிகத்தின் வழியிலிருந்து எச்சரிக்கையையும் பெற்றவரே ஓர் ஊர்வனவற்றை வீட்டுக்குள் அழைக்கத் தக்கவர். அத்தகுதி தம்மிடம் இல்லை என்று உணர்ந்தவர்க்கும் குறையொன்றுமில்லை. தண்ணீர்மலை ஓடைக்கரையில் நீருடும்பு விலைகேளாது நடமாடுகிறது. சற்று விலகி நின்று அதனைக் கண்டு மகிழ்வதும் உயிர்களிடத்துக் காட்டும் அன்பேயாகும்.