ருவன்வெல்லையிலிருந்து லண்டன் வரை போன ஒரு பெயர்

1947 தேர்தலில் நுவரெலியாவில் வென்ற தொண்டமானோடு சேர்த்து, இலங்கை இந்தியக் காங்கிரஸ்காரர்கள் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1952இல் ஒருத்தர்கூட போகவில்லை. இந்த அஞ்சு வருசத்துக்குள்ள தோட்டத்து ஓட்டு எங்க போச்சு?

சட்டத்தில் போச்சு. 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது, அப்பாவும் இங்கே பிறந்திருக்கணும் என்றது. இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும். லயத்தில் பிறந்த அப்பாவுக்குப் பிறப்புச் சான்றிதழை எங்கே தேடுவது? 1949இல் இன்னொரு சட்டம் வந்து, பிரஜை அல்லாதவருக்கு ஓட்டு இல்லை என்று கதவைச் சாத்தியது.

கேகாலை மாவட்டம் ருவன்வெல்லையில் கோடாகன் பிள்ளை என்பவர் விடவில்லை. வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி வழக்காடினார். அவர் பக்கம் நின்றது சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு: மற்றச் சமூகங்களுக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தின் மேல் மட்டும் சுமத்தும் சட்டம் செல்லாது. முதலில் விசாரித்த அதிகாரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். கொழும்பில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கு கடல் தாண்டி லண்டன் கோமறைக் கழகத்துக்குப் போனது. 1953இல் அங்கேயும் தோல்வி. பிரசாவுரிமையை வரையறுப்பது ஒரு நாட்டின் உரிமை, 1949 சட்டத்தின் கீழ் பதிவுசெய்ய வழியும் இருக்கிறதே என்பது தீர்ப்பின் சாரம்.

அந்த வழி எப்படிப்பட்டது? விண்ணப்பித்தவர்கள் எட்டு லட்சத்துக்கு மேல். பதிவானவர்கள் ஒண்ணரை லட்சத்துக்கும் குறைவு. மிச்சப் பேரை 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிப் பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. தலைமன்னார் போன ரயிலுக்கு நம்ம சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்தது.

கதை அங்கேயும் முடியவில்லை. 1983 வன்முறைக்குப் பிறகு தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போன மலையகத்தார் சிலர், இந்தியக் குடியுரிமை கேட்டு மதுரையில் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார்கள். 2019இல், அவர்களின் விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்கணும் என்று தீர்ப்பு வந்தது. இலங்கையிலோ, எஞ்சியவர்களுக்கான சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

இரண்டு நாட்டுச் சட்டம் தெரிந்த வக்கீல் என்றால் இன்று பெரிய கம்பெனி வேலை என்று நினைக்கிறோம். ஹட்டனிலிருந்து சட்டம் படிக்கப் போகும் தங்கச்சிக்கு அது கிடைத்தால் சந்தோசம்தான். ஆனா இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கட்சிக்காரர்கள் நம்ம வீட்டிலேயே மூன்று தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். கோடாகன் பிள்ளை வழக்கை அவள் பரீட்சைக்காக மட்டும் படிக்கக்கூடாது.