பழைய கித்தாரை மதிப்பிடுதல்

பழைய கித்தாரை மதிப்பிடுதல் என்பது, பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட அக்கூஸ்டிக் கித்தார் ஒன்றை வாங்கும் முன்னர் அதன் கட்டமைப்பு, வயது, அசல் தன்மை ஆகியவற்றை ஆராய்ந்து, கேட்கப்படும் விலைக்கு அது தகுமா எனத் தீர்மானிப்பதாகும். மின்கருவிகளின் துணையின்றி, மரப்பெட்டியின் அதிர்வினாலேயே ஒலி எழுப்பும் கித்தார் அக்கூஸ்டிக் கித்தார் எனப்படுகிறது. இக்கட்டுரை எஃகுத் தந்திகளும் தட்டையான மேற்பலகையும் கொண்ட கித்தார்களைப் பற்றியது. இவற்றுள் அமெரிக்காவின் மார்ட்டின், கிப்சன் நிறுவனங்களின் பழைய கித்தார்கள் பெரிதும் தேடப்படுபவை. மார்ட்டின் நிறுவனம் 1833 இல் தொடங்கப்பட்டது. கீழ்வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் கித்தார்களிலிருந்து தரப்படுகின்றன.

வாங்குவோர் பலர் முதலில் பார்ப்பது கீறல்களையும் மெருகையும்தான். இவை விலையைப் பாதிக்கலாம், வாசிப்பைப் பாதிப்பதில்லை. பெருஞ்செலவு வைக்கும் குறை, ஒளிப்படத்தில் எளிதில் தெரியாத கழுத்தின் கோணத்திலேயே பெரும்பாலும் இருக்கிறது.

கழுத்தின் கோணம்

ஆறு எஃகுத் தந்திகளும் சுருதி சேர்க்கப்பட்ட நிலையில் ஏறத்தாழ 70 முதல் 80 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையுடன் கழுத்தையும் உடலையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கின்றன. மேற்பலகையோ சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்பே உடையது. இந்த இழுவிசையைப் பல பத்தாண்டுகள் தாங்கும் பெட்டி சிறிது சிறிதாக வடிவம் மாறுகிறது. குதிரைக்குப் பின்னால் மேற்பலகை புடைக்கிறது. கழுத்து முன்னோக்கிச் சாய்கிறது. அதனால் தந்திகள் மெட்டுகளிலிருந்து உயர்ந்து, அழுத்தி வாசிப்பது கடினமாகிறது. வீணையில் உள்ளதைப் போன்றே, தந்திகளைத் தாங்கும் கட்டை இங்குக் குதிரை என்றும், பிரெட் எனப்படும் உலோகக் கம்பிகள் மெட்டுகள் என்றும் குறிக்கப்படுகின்றன.

இதனைச் சோதிக்க நீளமான நேர்கோல் ஒன்று போதும். கித்தாரைச் சுருதி சேர்த்து, நேர்கோலை மெட்டுகளின் மேல் நீளவாக்கில் வைத்துக் குதிரை வரை நீட்டவேண்டும். அதன் முனை குதிரையின் மேல்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் சென்றால் கோணம் சரி. முனை குதிரையின் பக்கவாட்டில், விளிம்புக்குக் கீழே முட்டினால் கழுத்து சாய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

அடுத்து அளக்கவேண்டியவை இரண்டு. முதலாவது, 12 ஆம் மெட்டுக்கு மேல் தடித்த தந்தி நிற்கும் உயரம். இது சுமார் 2.5 மில்லிமீட்டர் இருப்பது வாசிக்க ஏற்றது. இரண்டாவது, குதிரையின் மேல் சேடில் எனப்படும் எலும்புப் பட்டை எவ்வளவு வெளியே தெரிகிறது என்பது. 3 மில்லிமீட்டர் தெரிந்தால் நன்று. 12 ஆம் மெட்டு தந்தியின் நடுப்புள்ளியில் இருப்பதால், சேடிலை 1 மில்லிமீட்டர் தேய்த்தால் அங்குத் தந்தியின் உயரம் அரை மில்லிமீட்டர் மட்டுமே குறையும். ஒரு கித்தாரில் தந்தி 3.5 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது எனக் கொள்வோம். அதனை 2.5 க்குக் கொண்டுவரச் சேடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்கவேண்டும். வெளியே தெரிவதே 2 மில்லிமீட்டர்தான் என்றால் தேய்ப்பதற்கு இடமில்லை. விற்பவர் தந்தியின் உயரம் மிகச் சரியாக உள்ளது என்று கூறும்போது சேடிலையும் பார்க்கவேண்டியது இதனால்தான். அது முன்பே அடிவரை தேய்க்கப்பட்டிருக்கலாம். சிலர் சேடிலோடு நில்லாமல் குதிரையின் மரத்தையும் இழைத்து மெலிதாக்கி விடுகின்றனர். அத்தகைய கித்தாருக்குப் பின்னர் புதிய குதிரையும் தேவைப்படும்.

சாய்ந்த கழுத்துக்கு உரிய தீர்வு, அதனைக் கழற்றி அடிப்பகுதியைச் சீவி, சரியான கோணத்தில் மீண்டும் பொருத்துவதாகும். மார்ட்டின் கித்தார்களில் கழுத்து புறாவால் வடிவ மூட்டினால் உடலுடன் ஒட்டப்பட்டுள்ளது. நீராவியைச் செலுத்திப் பசையை இளக்கியே அதனைக் கழற்ற முடியும். அமெரிக்காவில் இதற்குப் பல நூறு டாலர்கள் செலவாகும். இப்பணி ஏற்கனவே நன்கு செய்யப்பட்டிருந்தால் அதனைக் குறையாகக் கொள்ளத் தேவையில்லை. வாங்குபவருக்கு அது ஆதாயமே.

கழுத்தின் வளைவு இதிலிருந்து வேறானது. கழுத்தினுள் உள்ள டிரஸ் ராட் எனப்படும் திருகு கம்பி வளைவை மட்டுமே நேராக்கும். உடலுடன் கழுத்து சேரும் கோணத்தை அதனால் மாற்ற இயலாது. கிப்சன் 1920களிலேயே இக்கம்பியைப் பயன்படுத்தத் தொடங்கியது. மார்ட்டினோ 1985 இல்தான் அதனை ஏற்றது. அதற்கு முன் 1934 முதல் எஃகுப் பட்டையையும், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எஃகுத் தட்டுப்பாட்டால் கருங்காலிப் பட்டையையும் கழுத்தினுள் பதித்தது. இவற்றைத் திருகிச் சரிசெய்ய முடியாது. தந்தியை முதலாம் மெட்டிலும் 14 ஆம் மெட்டிலும் அழுத்திப் பிடித்தால், இடையில் 7 ஆம் மெட்டருகே ஒரு தடித்த தாள் நுழையும் இடைவெளி போதும். அதற்கு மேல் மிகுந்திருந்தால், பழைய மார்ட்டினில் மெட்டுகளை மாற்றும் வேலை காத்திருக்கிறது.

மேற்பலகையும் உட்புறமும்

மேற்பலகை சிறிது புடைத்திருப்பது இயல்பு. குதிரையின் பின்விளிம்பில் மெல்லிய தாள் உள்ளே நுழைந்தால் குதிரை பெயரத் தொடங்கியுள்ளது எனலாம்.

உட்புறத்தைச் சிறு கண்ணாடியும் விளக்கும் கொண்டு பார்க்கவேண்டும். ஒலித்துளை வழியே செல்பேசியை நுழைத்துப் படம் எடுப்பதும் இன்று எளிய வழியாகும். குதிரைக்கு நேர் கீழே உள்ள மரத்தகட்டில் தந்தி முனைகளின் உருண்டைகள் குழி பறித்துள்ளனவா எனக் கவனிக்கவேண்டும். மேற்பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களில் ஏதேனும் பசைவிட்டிருந்தால், பலகையை விரலால் மெல்லத் தட்டும்போது அதிரொலி கேட்கும். இது எளிதில் ஒட்டக்கூடியதே.

வெடிப்புகளில் பல அச்சமூட்டுவனவாகத் தோன்றினும் தீங்கற்றவை. குளிரில் மெருகுப்பூச்சு மட்டும் நுண்ணிய கோடுகளாகப் பிளப்பது மர வெடிப்பன்று. பழைய மார்ட்டின்களில் பிக்கார்டு எனப்படும் நெகிழித்தகடு நேரடியாக மரத்தின் மேல் ஒட்டப்பட்டது. காலப்போக்கில் அது சுருங்கும்போது மரத்தையும் இழுப்பதால் அதன் விளிம்பில் வெடிப்பு உண்டாகிறது. உட்புறம் சிறு மரத்துண்டுகள் ஒட்டி முறையாகச் சீர்செய்த வெடிப்பு கித்தாரின் ஆயுளைக் குறைப்பதில்லை. ஆனால் விலையைக் குறைக்கிறது. பேரம் பேச அதுவே இடம்.

வயதும் அசல் தன்மையும்

மார்ட்டின் கித்தார்களில் 1898 முதல் வரிசை எண் இடப்படுகிறது. ஒலித்துளை வழியே பார்த்தால் கழுத்தைத் தாங்கும் உட்கட்டையில் அவ்வெண் தெரியும். நிறுவனம் வெளியிட்டுள்ள பட்டியலுடன் ஒப்பிட்டு ஆண்டை அறியலாம். கிப்சன் 1960களில் ஒரே எண்களை மீண்டும் மீண்டும் இட்டதால் எண்ணை மட்டும் நம்பி அவற்றின் ஆண்டைக் கூற இயலாது.

ஆண்டு பெயரளவிலான செய்தியன்று. மார்ட்டின் 1944 வரை குறுக்குச் சட்டங்களை நடுவே குடைந்து இலேசாக்கியது; பின்னர் தடித்த சட்டங்களுக்கு மாறியது. குடைந்த சட்டமுடையவை கூடுதல் முழக்கம் கொண்டவை எனக் கருதப்படுவதால் அவற்றின் விலை மிக அதிகம்.

மெருகு புதிதாகப் பூசப்பட்டிருந்தால் கித்தாரின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைவது வழக்கம். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு புறஊதா விளக்கில் பசுமஞ்சளாக ஒளிரும். சில இடங்கள் மட்டும் இருண்டு தெரிந்தால் அங்கு மறுபூச்சு நடந்திருக்கக்கூடும். வாசிப்பதற்காக மட்டும் வாங்குவோருக்கு, மறுபூச்சு பெற்ற நல்ல கித்தார் மலிவான விலையில் கிடைக்கும் வாய்ப்பாகவும் அமையும்.

மரமும் சட்டமும்

1969 இல் மார்ட்டின் நிறுவனம் தனது வழக்கமான ரோஸ்வுட் கித்தார்களில் பிரேசில் ரோஸ்வுட்டை விடுத்து இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. இது தமிழகத்தில் ஈட்டி என அறியப்படும் மரமாகும். மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் வளர்கிறது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. ஆகவே 1969 க்கு முந்தைய அத்தகைய கித்தாரை வேறொரு நாட்டிலிருந்து விலைக்கு வாங்கினால், அனுமதிச் சான்று இன்றேல் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். இந்திய ரோஸ்வுட் உள்ளிட்ட பிற ரோஸ்வுட் வகைகள் 2017 இல் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2019 நவம்பரில் அவற்றாலான முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அவ்விலக்கு இல்லை. 19 ஆம் நூற்றாண்டுக் கித்தார்கள் சிலவற்றில் யானைத் தந்தத்தாலான பட்டைகளும் உண்டு; அவற்றுக்கும் கடுமையான தடைகள் உள்ளன.